ஸீனி எழுத்தணி: தொங்கும் சுருளும் கழற்றிய பெயர்ப்பலகையும்

என் எழுத்துமேசைக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருக்கிறேன். வெளிநாட்டுக் கண்காட்சி நூலொன்றிலிருந்து பிரதியெடுத்தது. நீண்டு ஒடுங்கிய சுருள், மேலிருந்து கீழாக இறங்கும் தடித்த கறுப்புக் கோடுகள், அடியில் சிவப்பு முத்திரை. ஒருநாள் வீட்டுக்கு வந்த மௌலவி நண்பர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன நானா, சீனாக்காரன்ட எழுத்தயா தொங்கப் போட்டிருக்கீங்க?"

"வடிவாப் பாருங்க மௌலவி. அறபுதான்."

தலையைச் சரித்துப் பார்த்தார். முதலில் அலிஃப் பிடிபட்டது, பிறகு லாம். "அட, பிஸ்மி!" என்று சிரித்தவர் அடுத்த மூச்சிலேயே சொன்னார்: "ஆனா இது ஒழுங்கான எழுத்து இல்லியே."

அவர் அப்படிச் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. அவர் மட்டும் சொல்வதல்ல இது. சீன முஸ்லிம்களின் அறபு எழுத்தணியை ஸீனி என்பார்கள். அறபியில் அதற்குச் 'சீனத்து' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அதைப் பார்க்கும் நம்மவர்கள் ஒன்றில் 'விதி தெரியாதவன் எழுதியது' என்கிறார்கள், அல்லது 'இரண்டு பண்பாடுகளின் அழகிய கலப்பு' என்கிறார்கள். இரண்டுமே சோம்பலான பேச்சு என்பது என் எண்ணம்.

விதியை முதலில் எடுப்போம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், 940இல் மறைந்த இப்னு முக்லா, கலத்தின் முனை பதிக்கும் புள்ளியை அளவுகோலாக வைத்து எழுத்துகளின் விகிதங்களை வகுத்தார். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், நூனின் வயிறு இத்தனை புள்ளி அகலம் என்று இன்றைக்கும் எழுத்தணி வகுப்பில் எண்ணித்தான் பழக்குகிறார்கள். அந்த அளவுகோலுக்குப் பின்னால் சரிவாகச் சீவிய நாணல் இருக்கிறது, அந்த நாணலுக்கு ஏற்ற தாளும் இருக்கிறது. துருக்கிய மரபில் தாளுக்கு முட்டை வெண்கருவும் மாப்பசையும் பூசி, கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். மை மேலேயே நிற்கும். பிழைத்தால் துடைத்துத் திருத்தலாம்.

சீனத்து ஷுவான் தாளில் அந்தச் சலுகை இல்லை. மை பட்ட கணமே தாள் குடித்துவிடும். கை தயங்கினால் அந்தத் தயக்கம் கறையாகப் பரவும். கையில் இருப்பதும் நாணல் அல்ல, மயிர்த் தூரிகை, அல்லது துணி சுற்றிய தட்டைப் பலகை. வேகமாக இழுக்கையில் மை வற்றி, கோட்டின் நடுவே வெள்ளைக் கீறல்கள் தெரியும். அதைச் சீனர்கள் ஃபெய்பாய், 'பறக்கும் வெள்ளை' என்பார்கள். அவர்களுடைய எழுத்துக்கலையில் அது குறையல்ல, கை ஓடிய வேகத்தின் சாட்சி. ஸீனி சுருளொன்றில் நீண்டு வளையும் கோட்டின் வாலில் அந்தக் கீறலைக் கண்டுவிட்டால், அதற்குப் பிறகு புள்ளி எண்ணத் தோன்றாது. வேறு ஒழுங்கு ஒன்று அங்கே வேலை செய்வது தெரியும்.

'கலப்பு' என்ற சொல்லிலும் எனக்குச் சங்கடம் உண்டு. யாரோ ஒரு கலைஞர் இரண்டு கிண்ணங்களை எடுத்து ஒன்றாக ஊற்றியதுபோல அது கேட்கிறது. நடந்தது அப்படியல்ல. பதினாறாம் நூற்றாண்டில் ஷான்சி மாகாணத்தின் ஹு தெங்ஜோ (1522–1597) பள்ளிவாசலோடு ஒட்டிய ஓதல் கல்வியை ஒழுங்குபடுத்தினார். அந்த முறையில் ஓதிய பிள்ளைகள் கிதாபுகளைக் கையால் பார்த்தெழுதினார்கள். அவர்களுக்கு ஓதிக்கொடுத்த அஹொங்மாரும் அப்படிப் பழகியவர்கள்தான். முப்பது ஜுஸ்உகளை முப்பது தனிப் புத்தகங்களாக எழுதிக் கட்டும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அதற்கும் முன்பு, மிங் பேரரசர் ஜெங்தேயின் காலத்தில் (1506–1521), நீலமும் வெள்ளையுமான பீங்கானில் அறபும் பாரசீகமும் எழுதினார்கள். பிரித்தானிய நூதனசாலையில் அக்காலத்துத் தூரிகை தாங்கி ஒன்று இருக்கிறது. வடிவம் சீன மலைச் சிகரங்கள், மேலே எழுதியிருப்பது பேனா தாங்கி என்று பொருள்படும் பாரசீகச் சொல். அதைப் பாவித்தவருக்கு அது 'கலப்பு' அல்ல, மேசைச் சாமான்.

ஹுய் முஸ்லிம் வீடுகளின் நடுக்கூடத்துச் சுவரும் அப்படியே. சீன வழக்கப்படி நடுவில் பெரிய சுருள், இரு பக்கமும் இணைச் சுருள்கள். எழுத்து மட்டும் அறபு. கீழே மேசையில் சாம்பிராணிக் கிண்ணம். கலை என்று பெயரிட்டு அதை யாரும் வைக்கவில்லை. சுவரில் அதற்கு ஓர் இடம் இருந்தது, அதனால் எழுத ஆள் வேண்டியிருந்தது, அதனால் பழக்குபவரும் இருந்தார். 1966க்குப் பின் வந்த பத்தாண்டுக் கலாசாரப் புரட்சியில் கிதாபுகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டன. அதற்குப் பிறகும் இந்தக் கை முழுதாக அற்றுப்போகாமல் நின்றதற்குப் பெயர் தெரியாத அஹொங்மாரும் அவர்களிடம் ஓதிய பிள்ளைகளுமே காரணம்.

இந்த இடத்தில்தான் ஹாஜி நூர் தீன் மி குவாங்ஜியாங் வருகிறார். 1963இல் ஷாண்டொங்கின் யுசெங்கில் பிறந்தவர். 1997இல் எகிப்தின் அறபு எழுத்தணிச் சான்றிதழைப் பெற்ற முதல் சீனர். ஜெங்ஜோவின் இஸ்லாமியக் கல்லூரியில் எழுத்தணியை முறையான பாடமாக நடத்தியவர். உலகம் இன்று ஸீனி என்றால் இவரைத்தான் நினைக்கிறது. அதற்குத் தகுதியானவர்தான். கெய்ரோவின் விதியையும் கற்று, ஊரின் தூரிகையையும் கைவிடாமல் இருந்தது சின்னக் காரியமல்ல. நம்மூரில் ஒருவர் அங்கே ஓதிவிட்டு வந்தால் முதலில் வாப்பாமாரின் வழக்கத்தைத்தான் திருத்தத் தொடங்குவார். (நானும் ஒரு காலம் அப்படித் திருத்தித் திரிந்தவன்.)

ஆனாலும் அவருடைய எல்லாப் படைப்புகளும் எனக்கு ஒன்றல்ல. தூரத்தில் சீன எழுத்தாகத் தோன்றி, கிட்ட வந்தால் அறபாக விரியும் அடுக்குகள் பெயர் பெற்றவை. முதல் பார்வையில் எனக்கும் மூச்சு நின்றது. மூன்றாம் முறை பார்க்கையில் விடுகதையின் விடை தெரிந்த அலுப்பு. ஆனால் தடித்த பலகையால் ஒரே இழுப்பில் எழுதிய சுருள்கள் அலுக்கவேயில்லை. அவற்றில் அவர் யாரையும் வியக்க வைக்கப் பார்க்கவில்லை, எழுதுகிறார். அஹொங்மாரின் கை அங்கேதான் எனக்குத் தெரிகிறது.

இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட முடியாது. 2019இல் பெய்ஜிங்கில் ஹலால் உணவகங்களின் பெயர்ப்பலகைகளிலிருந்து அறபு எழுத்தை அகற்றும்படி அதிகாரிகள் பணித்தார்கள். 2021இல் ஷினிங் நகரத்து தொங்குவான் பள்ளிவாசலின் குவிமாடம் இறக்கப்பட்டது. குவிமாடம் அங்கே பிற்காலத்தில் வந்தது, கழன்றால் பள்ளிவாசல் பழைய சீனக் கூரைக்குத் திரும்புகிறது என்று வாதிடுவோர் உண்டு. எழுத்தைப் பற்றி அப்படி வாதிட வழியில்லை. அது ஐந்நூறு வருடமாக அந்த மண்ணின் பீங்கானில் இருக்கிறது. லண்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் நூதனசாலைக் கண்ணாடிக்குப் பின்னால் ஸீனி பத்திரமாக இருக்கும். நூட்ல்ஸ் கடைப் பலகையில் அதை நாளாந்தம் பார்த்து வளரும் பிள்ளைதான் நாளைக்குத் தூரிகை தூக்க வேண்டியவன்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சீன மொழியை அறபு எழுத்தில் எழுதும் சியாவோஅர்ஜிங் என்றொரு முறையை அவர்கள் வைத்திருந்தார்கள். இல்லாத ஒலிகளுக்குப் புதிய எழுத்துகள், உயிரொலிகளுக்குத் தவறாமல் குறிகள். அப்படியே நம்முடைய அறபுத்தமிழ். உம்மம்மாமார் அதில் மாலை ஓதினார்கள். இன்று எத்தனை வீட்டு அலுமாரியில் அந்தப் புத்தகம் கறையானுக்குத் தப்பியிருக்கிறது? நம் பலகையை யாரும் வந்து கழற்றவில்லை. நாமே கழற்றினோம்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் காலிக் கல்வெட்டு நிற்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியோடு, முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தளபதி ஜெங் ஹ கப்பலில் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். அல்லாஹ்வின் பெயரால் காணிக்கை சொல்லும் பாரசீகப் பகுதிதான் மிகவும் தேய்ந்திருக்கிறது.

மௌலவி போன கிழமை மறுபடி வந்தார். படத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டார், மதரசாப் பிள்ளைகளுக்குக் காட்டவாம். படலைவரை போனவர் திரும்பி நின்றார்.

"நானா, அந்த மாதிரித் தூரிகை கொழும்புல எங்க எடுக்கலாம்?"