செப்புக்காசை முதலில் பாருங்கள்

பழைய காசு என்றதும் கண் பொன்னைத் தேடிப் போகிறது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளை ரசிக்க வேண்டுமானால் அந்தப் பழக்கத்தைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். ரோமானியக் காசு கடல் கடந்த வணிகத்தைச் சொல்லும். ஊருக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலைச் சொல்வது சேரரின் சின்னஞ்சிறு சதுரச் செப்புக்காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் பார்த்தால் யானையின் முதுகு மழுங்கியிருப்பது தெரியும். பல கை மாறித் தேய்ந்தது என்று உடனே சொல்லிவிடக் கூடாது. ஆற்று மணலும் தேய்க்கும். என் வாதம் தேய்மானத்தை அல்ல, உலோகத்தை நம்பியது. பொற்காசைக் கொடுத்து ஒரு படி உப்பு வாங்க முடியாது. மலிவான உலோகத்தில் இத்தனை காசுகளை ஓர் அரசு அடித்திருக்கிறது என்றால், அன்றாடம் சில்லறை புழங்கிய சந்தை அங்கே இருந்திருக்கிறது.

ஆற்றில் கிடைத்ததற்கு மண்ணடுக்கு இல்லை, காலத்தை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மணலைச் சலித்தவர்கள் கையிலிருந்து வியாபாரிகளுக்குப் போன காசுகள், கிடந்த இடத்தைப் பற்றிய செய்தியை இழந்துவிட்டன. அது ஈடுசெய்ய முடியாத இழப்பு. ஆனாலும் எழுத்து இருக்கிறது. 'மாக்கோதை', 'கொல்லிப்புறை' என்ற பெயர்கள் காசுகளில் தமிழ் பிராமியில் உள்ளன. கரூருக்கு அருகே புகளூர்க் குகைக் கல்வெட்டுகளும் அதே எழுத்தில் சேர மன்னர் மூவரின் பெயர்களைச் சொல்கின்றன. கருவூர்ப் பொன் வணிகன் ஒருவனையும் குறிக்கின்றன. பாறையைப் பெயர்த்து யாரும் விற்றுவிட முடியாது. அதை வைத்துக் காசின் எழுத்தை ஒப்பிடலாம்.

மாக்கோதையின் வெள்ளிக்காசில் மன்னனின் தலை பக்கவாட்டில் இருக்கிறது. ரோமானியக் காசைப் பார்த்து அடித்ததுதானே, இதில் நம்முடையது என்ன என்பது இன்னொரு மறுப்பு. பார்த்துத்தான் அடித்திருப்பார்கள். ஆனால் வெறும் நகல் என்றால் இலத்தீன் எழுத்தையும் கோணல்மாணலாகக் கிறுக்கியிருப்பார்கள்; இந்தியாவில் அப்படிச் செய்த போலிகள் உண்டு. இங்கே தலைக்கு மேலே சேரன் பெயர் தமிழில் தெளிவாக நிற்கிறது. காசைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் சந்தையில் இருப்பார்கள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் காசின் முன்னால் நின்றால், முகத்தைப் பார்த்து முடித்ததும் நகர்ந்துவிடாமல் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படியுங்கள்.