பாத்துக் குடுங்க சார்!

உங்கள் வீட்டுச் சுவர்களில் மொத்தம் எத்தனை படங்கள் தொங்குகின்றன? எழுந்துபோய் எண்ணிவிட்டு வாருங்கள். அவசரமில்லை.

என் வீட்டில் ஏழு. ஜவுளிக்கடை கொடுத்த முருகன் காலண்டர். நகைக்கடை கொடுத்த லட்சுமி. கல்யாணத்துக்கு யாரோ பரிசளித்த தஞ்சாவூர் பாணி கிருஷ்ணர் (தங்க ரேக் இல்லை, ஜிகினாதான்). அப்பா போட்டோ, அம்மா போட்டோ. பையன் நாலாம் வகுப்பில் வரைந்த இரண்டு மலை, ஒரு சூரியன், ஒரு தென்னைமரம். ஏழாவதாக ஒரு வாட்டர்கலர். ஏழில் நான் காசு கொடுத்து வாங்கிய ஓவியம் அது ஒன்றுதான். அதையும் நியாயமான காசு கொடுத்து வாங்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கண்காட்சி. வரைந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மாட்டியிருந்தது 22 படங்கள். பாதிக்குமேல் வழக்கமான மயிலாப்பூர்: கோபுரம், குளம், பூக்காரம்மா. எத்தனை முறை பார்த்தாயிற்று! ஆனால் ஐந்தாறு படங்கள் ஆளை நிறுத்தின. அவற்றில் கோபுரமே இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கோபுரத்தின் நிழல் எதிர்க்கடைத் தார்ப்பாய்மேல் மடிந்து மடிந்து விழுகிறதே, அதை மட்டும் வரைந்திருந்தார். தார்ப்பாயின் நீலமும் நிழலின் நீலமும் வேறு வேறு என்று காட்டத் தெரிந்த கை. அந்த மாதிரி ஒன்றின் முன்னால் நின்று, “என்ன விலைங்க?” என்றேன்.

கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பெண்ணைப் பெற்றவர் மாதிரி கையைப் பிசைந்தபடி சொன்னார்: “பாத்துக் குடுங்க சார்.”

நான் பார்த்தேன். மூவாயிரம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவரே நியூஸ்பேப்பரில் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார். ஒரு கலைஞனை ஆதரித்துவிட்ட பெருமிதத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

ஆறு மாதம் கழித்து, அப்பா போட்டோவுக்கு ஃப்ரேம் மாற்றப் போன கடையில் பேச்சுவாக்கில் விசாரித்தேன். அந்த வாட்டர்கலருக்குப் போட்டிருந்த மாதிரி ஃப்ரேம், மவுண்ட், கண்ணாடி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆகுமாம். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. (காஸ்ட் அக்கவுண்ட்ஸில் நான் வாங்கிய மார்க்கைக் கேட்காதீர்கள்.) ஹால் வாடகை, அழைப்பிதழ், திறப்புவிழா டீ பிஸ்கட், வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் உத்தேசமாகக் கூட்டி 22 படங்களுக்கும் பங்கு போட்டால், படத்துக்கு ஒரு 900 விழுகிறது. பேப்பர், கலர், பிரஷ் தேய்மானம் 400. ஆக 3,100. நான் கொடுத்தது 3,000.

அதாவது, அந்தப் படத்தை நான் எடுத்துக்கொண்டு போனதற்காக அவர் எனக்கு நூறு ரூபாய் தந்திருக்கிறார். அதுவும் 22 படங்களும் விற்றிருந்தால். நான் கிளம்பும்வரை விற்றது நாலு.

‘பாத்துக் குடுங்க’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆட்டோக்காரர் சொன்னால் அது மிரட்டல். மீட்டருக்கு மேல் எவ்வளவு என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஓவியர் சொன்னால் அது சரணாகதி. கேட்க அடக்கம் மாதிரி இருக்கிறது. ஆனால் வேலையை வாங்குபவன் தலையில் கட்டுகிற காரியம் அது. காகிதம் என்ன விலை, எத்தனை நாள் உழைப்பு என்று எனக்கு என்ன தெரியும்? தெரியாதவன் குறைத்துத்தான் கொடுப்பான். குறைத்துக் கொடுத்தோமோ என்ற சங்கடத்தில் அடுத்த கண்காட்சிப் பக்கமே போகமாட்டான். நான் போகவில்லை. ஒரே சொல்லில் ஓவியருக்குப் பணமும் நஷ்டம், ஆளும் நஷ்டம்.

கலைஞன் காசு பேசலாமா என்று சில பேர் முகம் சுளிப்பார்கள். நம் புறத்திணையில் ‘பரிசில் கடாநிலை’ என்றே ஒரு துறை இருக்கிறது. பரிசு தரத் தாமதிக்கும் வள்ளலிடம், “என்னய்யா ஆச்சு?” என்று புலவர் கேட்பது. ஆபீஸ் பாஷையில் சொன்னால் ரிமைண்டர். அதற்கு இலக்கணமே வகுத்து வைத்த ஊர் இது.

நமக்கு வேறொரு பழக்கமும் இருக்கிறது. படம் என்றால் இலவசமாக வருவது. நல்ல ஓவியர்களைத் தமிழ்க் குடும்பங்கள் பார்த்ததே பத்திரிகைப் பக்கங்களில்தான். கோபுலு, சில்பி, மணியம் எல்லோரும் கதையோடு சேர்ந்து வந்தார்கள். பத்திரிகைக்குத்தான் காசு, படத்துக்குத் தனியாக இல்லை. சாமி படமோ கடைக்காரர் உபயம்.

அந்த சாமி படத்தின் பூர்வீகத்தைத் தேடினால் ராஜா ரவிவர்மாவிடம் போய் நிற்கும். தன் பெயரை ஊரறியச் செய்வதில் அவருக்கு நிகர் இல்லை. 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், அதே ஆண்டு வியன்னா, 1893-ல் சிகாகோ. சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய் உருவப்படம் வரைந்தார். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்துக்குக் கூடவே தம்பி ராஜராஜ வர்மா. அரண்மனைக்குள் போகும் படத்தைச் சாமானியனும் மாட்டட்டும் என்று 1894-ல் பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று கல்லச்சில் ஒற்றி எடுத்த படங்கள் மூலைமுடுக்கெல்லாம் போயின. லட்சுமி புடவை கட்டித் தாமரையில் நிற்கும் கோலம் நம் மனதில் பதிந்தது அப்படித்தான்.

சரி, அச்சகம் லாபத்தில் நடந்ததா? இல்லை. பிளேக் காலத்தில் பம்பாயை விட்டு லோனாவாலாப் பக்கம் இடம் மாற்றினார்கள். கடன் ஏறியது. புது நூற்றாண்டு பிறந்த கொஞ்ச காலத்திலேயே, அங்கே வேலை பார்த்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கே விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகும் அச்சகம் பல வருடம் ஓடியது. விளம்பரமும் வியாபாரமும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் இந்த பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டும். நாடு முழுக்கத் தெரிந்த பெயர், கையில் கடன். உங்கள் வீட்டு லட்சுமி இப்படி நொடித்துப்போன ஒரு கம்பெனியின் வாரிசு!

இதற்கு நேர்மாறான ஒரு வழியைப் பார்க்க நீங்கள் லோனாவாலா போக வேண்டாம், கிழக்குக் கடற்கரைச் சாலை போதும். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஜாலியாக மகாபலிபுரம் போகும்போது போர்டைப் பார்த்திருப்பீர்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும், அவருடைய மாணவர்களும் சக ஓவியர்களும் சேர்ந்து 1966-ல் உருவாக்கியது. அரசாங்கம் கொடுத்த நிலமல்ல, பணக்காரர் தானமும் அல்ல. பாத்திக் விற்ற காசு.

பாத்திக் தெரியுமல்லவா? துணியில் மெழுகு தடவிச் சாயம் முக்குவது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இந்த ஓவியர்கள் கைவினைஞர் சங்கம் ஒன்று ஆரம்பித்து, பாத்திக்கும் மற்ற கைவேலைகளும் செய்து, கண்காட்சி போட்டு விற்றார்கள். சேர்ந்த பணத்தில் கடலோர மணலில் இடம் வாங்கிக் குடிசை போட்டார்கள். (இன்று அங்கே ஒரு கிரவுண்ட் என்ன விலை என்று எந்த புரோக்கரையாவது கேளுங்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.) சோறு போடுவது பாத்திக்கின் வேலை. ஓவியம் யாரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை. பணிக்கர் பிற்காலத்தில் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பாருங்கள். ஜாதகக் கட்டம், கணக்கு, படிக்க முடியாத எழுத்து. ஹால் சோபாவுக்கு மேட்சாக இருக்குமா என்று கேட்கிறவருக்காக வரைந்த படங்களா அவை?

ரொம்ப நாள் இந்த ஏற்பாட்டை நான் எல்லோரிடமும் புகழ்ந்துகொண்டிருந்தேன். டிராயிங் மாஸ்டர் விஷயத்துக்குப் பிறகு ஒரு சந்தேகம். அவருக்கும் ஒரு பாத்திக் இருக்கிறது, பள்ளிக்கூடச் சம்பளம். அந்தத் தைரியத்தில்தானே விலை சொல்லாமல் விடுகிறார்? ஆனால் ஹால் வாடகையும் ஃப்ரேம் காசும் எங்கிருந்து போயின? அதே சம்பளத்திலிருந்து. பாத்திக் சோறு போட்டது. ஓவியம் அந்தச் சோற்றைத் தின்றது. சோழமண்டலத்துக்காரர்கள் பாத்திக்கைக் கறாராக விற்றார்கள், அதனால் ஊர் எழுந்தது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டதோ ‘ஓவியத்தால் பிழைக்காதே’ என்ற பாதியை மட்டும்.

அடுத்த கோடியில் எம்.எஃப். ஹுசைன். பம்பாயில் சினிமா போர்டு வரைந்து வளர்ந்தவர். தூரத்திலிருந்து பார்க்கிறவனைத் திரும்ப வைக்கும் கலை அங்கேயே கை வந்துவிட்டது. வெறுங்கால், வெள்ளைத் தாடி, 2000-ல் மாதுரி தீட்சித்தை வைத்து ‘கஜகாமினி’. 1992-ல் ஜஹாங்கீர் கேலரி முழுக்க வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, தரையில் பேப்பர் கிழித்துப் போட்டு, அதுவே கண்காட்சி என்றார். பேசாத பத்திரிகை இல்லை. எனக்கு இதில் மரியாதை உண்டு, கூடவே எரிச்சலும் உண்டு. அவர் குதிரைகளை நம்மில் எத்தனை பேர் உற்றுப் பார்த்தோம்? கால்களைத்தான் பார்த்தோம். குதிரையின் கால்களை அல்ல.

வேடிக்கை என்னவென்றால், 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1 கோடியே 38 லட்சம் டாலருக்குப் போன அவருடைய ‘கிராம யாத்திரை’க்கு இந்த ஆரவாரம் எதுவும் துணையில்லை. 1954-ல் வரைந்தது. டெல்லிக்கு வந்திருந்த நார்வே டாக்டர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய், கடைசியில் ஆஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார். பல வருடம் அங்கே சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. விற்ற காசு டாக்டர்களின் பயிற்சிக்கு. ஹுசைன் 2011-லேயே இறந்துவிட்டார்.

நம் காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1994 திருத்தத்தில் வந்தது. ஓவியம் மறுபடி கைமாறும்போது விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால், ஓவியருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு கேட்க உரிமை உண்டு. அதிகபட்சம் 10 சதவிகிதம். வெளிநாட்டு ஏலத்துக்கு இது போய்ச் சேராது. உள்ளூரிலாவது கேட்கலாம். ஆனால் பில் இல்லாமல், நியூஸ்பேப்பரில் சுற்றிக் கைமாறிய என் வீட்டு வாட்டர்கலருக்கு யார், எதைக் காட்டிக் கேட்பது?

இப்போது இளம் ஓவியர்கள் ரீல்ஸ் போடுகிறார்கள். மூன்று நாள் வேலையை முப்பது செகண்டில் ஓட்டிக் காட்டுகிறார்கள். லைக் விழுகிறது. குற்றம் சொல்ல மனமில்லை, வாடகை ஹாலைவிட அது மலிவு. ஆனால் முப்பது செகண்டில் வரைந்தது என்றே பார்க்கிறவர் மனதில் பதிகிறது. அப்புறம் ஒன்பதாயிரம் என்றால் ஏன் என்று கேட்கிறார்.

ஒன்பதாயிரம் என்று சும்மா சொல்லவில்லை. போன மாதம் நம் டிராயிங் மாஸ்டரின் புதுக் கண்காட்சி. தயங்கித் தயங்கித்தான் போனேன். இந்தத் தடவை 14 படங்கள்தான். கோபுரங்களைக் கழித்துவிட்டிருந்தார், நிழல்கள் மட்டும். வாசல் மேஜையில் அவருடைய மனைவி. முன்னால் டைப் அடித்த விலைப்பட்டியல், ஒரு பில் புக், கார்பன் பேப்பர். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பழையபடி கையைப் பிசைந்தார். நான் ஒரு படத்தைக் காட்டினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்: “பதினொண்ணாம் நம்பரா சார்? ஒன்பதாயிரம்.”

இவ்வளவும் எழுதுகிற எனக்கு வாய் சும்மா இருக்குமா? “கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்” என்று கேட்டேவிட்டேன்.

“படத்துல கொறைக்க முடியாது சார். ஃப்ரேம் வேணாம்னா சொல்லுங்க, கழிச்சுக்கலாம்.”

“எவ்வளவு கழிப்பீங்க?”

“ரெண்டாயிரத்து நூறு. விலை ஏறிடுச்சு சார்.”