மரிமோ: உருண்டைப் பாசியைப் பார்க்கும் முறை

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், அக்கான் ஏரியின் அடித்தரையில் வளரும் மரிமோ இன்று கண்ணாடிக் குடுவைகளில் ‘அதிர்ஷ்டச் செடி’யாக விற்கப்பட்டாலும், அதற்கு வேரோ தண்டோ இலையோ கிடையாது; அறிவியலார் ஈகாக்ரோபைலா லின்னேயி என அழைக்கும், கிளைத்த நுண்ணிழைகளால் ஆன பச்சைப் பாசி அது. பராமரிப்பு குறைவு என்பதற்காகவே அதை வாங்குவோர், மேசையில் வைத்த சில நாள்களிலேயே அதைக் கவனிக்க மறந்துவிடுகின்றனர். பூக்காத, மணக்காத இப்பாசியில் ரசிப்பதற்கு உரியது அதன் உருண்டை வடிவமே.

இந்தப் பாசி எங்கும் உருண்டையாக வளர்வதில்லை. பாறையில் ஒட்டிய மெத்தையாகவும், தளர்ந்த இழைக்கற்றையாகவும் பல நாடுகளின் ஏரிகளில் அது காணப்படுகிறது. காற்று எழுப்பும் அலைகள் ஆழம் குறைந்த தரையில் அதை ஓயாமல் புரட்டும் இடங்களில்தான் எல்லாப் பக்கமும் மாறிமாறி ஒளி பட்டு, இழைகள் நாற்புறமும் சமமாக நீண்டு பந்தாகின்றன. நடுவில் கல்லோ விதையோ இல்லை. வளர்ச்சி மிக மெதுவானது என்பதால், அக்கானில் 20 முதல் 30 செ.மீ. விட்டம் வரை பெருத்திருக்கும் உருண்டைகள் பல்லாண்டு அலைகளின் வேலை எனலாம்.

ரசிக்க விரும்புபவர் முதலில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்வது நல்லது. வெல்வெட் போலத் தோன்றிய மேற்பரப்பு, அப்போது தனித்தனியே கிளைவிடும் இழைகளாகப் பிரிந்து தெரியும். வெளிச்சம் ஏற ஏற அவ்விழைகளின் இடுக்குகளில் கடுகினும் சிறிய குமிழ்கள் திரள்கின்றன. ஒளிச்சேர்க்கையில், அதாவது ஒளியைக் கொண்டு பாசி தனக்கு உணவு ஆக்கும் செயலில், வெளியாகும் ஆக்சிஜன் அது. குமிழ்கள் போதிய அளவு சேர்ந்தால் உருண்டை மெல்ல எழுந்து மிதக்கும். இந்த மிதப்புக்குக் குமிழ்களே காரணம் என்பதையும், பாசியின் உள்ளே இயங்கும் நாள்கடிகாரத்துக்கு இதில் பங்குண்டு என்பதையும் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினர்.

மரிமோவை அதிர்ஷ்டத்தோடு இணைக்கும் கதைக்கு அவ்வளவு பழமை இல்லை. பிரிக்கப்பட்ட காதலர் இருவரின் உயிர் மரிமோ ஆனது என்னும் கதை ஐனு பழங்குடியினரின் தொன்மமாகச் சொல்லப்படினும், அது 1920களில் ஜப்பானிய மொழியில் எழுதி அச்சிடப்பட்டது. உண்மை வரலாறு அதைவிடச் சுவையானது: 1921இல் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கான் மரிமோ, காடழிப்பாலும், மின்னாக்கத்துக்காக ஏரி நீரை இறக்கியதாலும் குறைந்துபோக, அதைக் காக்கவென 1950 முதல் ஐனு மக்களின் சடங்குகளோடு மரிமோ விழா நடத்தப்படுகிறது; 1952இல் மரிமோ சிறப்பு இயற்கைச் சின்னமாக உயர்த்தப்பட்டது. அங்கே உருண்டைகளை எடுப்பது குற்றம் என்பதால், நினைவுப்பொருளாக விற்கப்படுபவை பெரும்பாலும் வேறிடத்து இழைகளைக் கையால் உருட்டியவை. விற்பவர் அதைச் சொல்லி விற்றால் குறை சொல்ல ஏதுமில்லை.

குடுவையில் அலை இல்லாததால் உருண்டையைப் புரட்டும் வேலை வளர்ப்பவரின் கைக்கு வருகிறது. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குளோரின் நீங்கும்படி திறந்து வைத்த நீரை மாற்றும்போது உருண்டையை மென்மையாகப் பிழிந்து, உள்ளங்கையில் உருட்டி, மறுபக்கம் மேலே வருமாறு இட வேண்டும்; இல்லையேல் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். நேர்வெயில் ஆகவே ஆகாது. குளிர்நாட்டு ஏரிப் பாசி என்பதால் நீரின் வெப்பம் 25 பாகைக்குக் கீழே இருப்பது நலம். கோடையில் குடுவையைச் சில நாள் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் உண்டு. தங்கமீன் தொட்டியில் இட்டால் மீன்கள் அதைக் கொறித்துப் பிய்த்துவிடும்.

வாங்கும்போது இழைகளுக்குள் சிறு சிப்பிகள் ஒளிந்துள்ளனவா என்று பார்த்துவிடுவது அவசியம். 2021இல் அமெரிக்காவில் கடைகளில் விற்ற பாசிப்பந்துகளில், நீர்நிலைகளைப் பாழாக்கும் வரிக்குதிரைச் சிப்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன. வேண்டாதுபோன உருண்டையைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல், கொதிநீரில் இட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.