வளைந்த ஓட்டமும் வளைந்த முதுகும்

உயரம் தாண்டும் போட்டியைக் காண வந்தவர்களின் கண்கள் குறுக்குக் கம்பியின் மீதே நிலைகொண்டிருக்கும். வீரர் வில்லாக வளைந்து, கம்பியைத் தொடாமல் நழுவி, மறுபுறத்து மெத்தையில் விழும் அந்த ஒரு கணமே போட்டியின் சாரம் என்றெண்ணிக் கரகோஷம் செய்வதும், பத்திரிகைகள் அந்தக் கணத்தையே படம்பிடித்துப் பிரசுரிப்பதும் வழக்கமாகிவிட்டன. சரீர இயக்க விஞ்ஞானம் கூறும் தீர்ப்போ வேறு. வீரருடைய பாதம் தரையை விட்டு அகலும்போதே அவர் எட்டக்கூடிய உயரம் நிர்ணயமாகிவிடுகிறது. அதன்பின் ஆகாயத்தில் அவர் செய்வதெல்லாம், சம்பாதித்துவிட்ட உயரத்தை வீணாக்காமல் செலவிடும் சாமர்த்தியமே.

காரணம் எளியது. உடலின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகப் பாவித்துக்கொண்டால், நிமிர்ந்து நிற்பவருக்கு அப்புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே அமையும். அதையே ஈர்ப்பு மையம் என்கிறோம். கால் தரையை விட்ட பிறகு, காற்றின் சொற்பத் தடையை ஒதுக்கிவிட்டால், புவியீர்ப்பைத் தவிர வேறு விசை எதுவும் உடலின்மேல் செயல்படுவதில்லை. ஆகவே கையை வீசினாலும் காலை உதைத்தாலும் இந்த மையம் செல்லும் பாதை இம்மியளவும் மாறாது. விநாடிக்கு 4.5 மீட்டர் செங்குத்து வேகத்தோடு எழும்பும் வீரரின் மையம் ஏறக்குறைய 1.03 மீட்டர் உயரும். எழும்பும் தருணத்தில் அது தரையிலிருந்து 1.30 மீட்டரில் இருந்திருந்தால், 2.33 மீட்டரே அதன் உச்சம். நெட்டையானவர்களுக்கு இவ்விளையாட்டில் உள்ள அனுகூலமும் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

1968 அக்டோபர் 20 அன்று, மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில், ஆரிகன் மாகாணத்து மாணவரான டிக் ஃபாஸ்பரி, கம்பிக்கு முதுகைக் காட்டித் தலைமுந்தத் தாண்டி, 2.24 மீட்டரைத் தமது மூன்றாவது முயற்சியில் கடந்து, ஒலிம்பிக் சாதனையோடு தங்கப் பதக்கத்தையும் வென்றபோது, உலகம் வியந்து நோக்கியது அந்த வளைந்த முதுகைத்தான். வியப்புக்குக் காரணமும் இல்லாமலில்லை. முதுகு வில்லாக வளையும்போது தலையும் கால்களும் கம்பிக்குக் கீழே தொங்க, இடுப்பு மட்டும் மேலே நிற்கும். அந்நிலையில் ஈர்ப்பு மையம் உடலுக்கு வெளியே, முதுகுக்கு அடியில் சென்றுவிடுவதால், வீரர் கம்பிக்கு மேலும் அவரது மையம் கம்பிக்குக் கீழுமாகக் கடந்துசெல்வதும் சாத்தியமாகிறது. மணற்குழியின் இடத்தில் தடித்த நுரைமெத்தை வந்திராவிட்டால், முதுகும் கழுத்தும் முதலில் படுமாறு விழும் இம்முறையை எவரும் துணிந்து கைக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆயினும் முதுகின் வளைவிலேயே மகிமை முழுவதும் அடங்கியிருந்ததென்றால், பழைய முறை மறுநாளே மடிந்திருக்க வேண்டுமல்லவா? அப்படி நடக்கவில்லை. குப்புறக் கவிழ்ந்து கம்பியைச் சுற்றி உருளும் ஸ்ட்ராடில் முறையில் சோவியத் வீரர் வலேரி புருமெல் 1963இல் தாண்டிய 2.28 மீட்டரை ஃபாஸ்பரி ஒருபோதும் எட்டவில்லை. புதிய முறையில் ஆடவரின் முதல் உலக சாதனை பிறக்க, டுவைட் ஸ்டோன்ஸ் 2.30 மீட்டரைத் தாண்டிய 1973 வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பின்னரும், 1977இல் 2 மீட்டரை எட்டிய முதல் பெண்மணி ரோஸ்மேரி ஆக்கர்மனும், 1978இல் 2.34 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்த விளாதிமிர் யாஷ்செங்கோவும் பழைய முறையைக் கைவிடாதவர்களே.

அப்படியானால் ஃபாஸ்பரியின் முறையை நிலைபெறச் செய்தது எது? அவர் ஓடிவந்த பாதை என்பேன். ஸ்ட்ராடில் வீரர் நேர்கோட்டில் ஓடிவந்து, முழங்காலை ஆழமாக மடக்கித் தாழ்ந்து, பிறகு எழும்ப வேண்டும். அதற்கு அசாத்தியமான கால்வலிமையும் நீண்ட கால அப்பியாசமும் தேவை. புதிய முறையிலோ கடைசி நாலைந்து அடிகள் வளைவாக அமைகின்றன. வளைவில் திரும்பும் சைக்கிள்காரரைப் போல வீரரும் உட்புறம் சாய்கிறார். அந்தச் சாய்வினாலேயே மையம் தாழ்ந்துவிடுவதால், முழங்காலை அதிகம் மடக்கி வேகத்தை இழக்க வேண்டிய அவசியம் நேர்வதில்லை.

இறுதி அடியைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இரு கால்களில் கம்பியிலிருந்து தள்ளியிருக்கும் கால் உடலுக்கு முன்னே நீண்டு ஊன்றுகிறது. விரைந்து வந்த உடல் அதன்மேல் ஏறுகையில், தொடையின் தசைகள் ஒரு கணம் இழுபட்டு, அந்த இழுப்பின் பலத்தோடு சுருங்கித் தரையை அழுத்துகின்றன. கைகளும் மறுகாலின் முழங்காலும் மேல்நோக்கி வீசப்பட்டு அவ்வழுத்தத்தை மேலும் பெருக்குகின்றன. விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும் இக்காரியத்தில், முன்னோட்டத்தின் வேகம் மேல்நோக்கிய வேகமாக மாறுவதோடு, உட்புறம் சாய்ந்திருந்த உடல் நிமிர்கிறது. நிமிரும் அந்தச் சுழற்சிதான் மேலே தொடர்ந்து தோள்களைக் கம்பிக்கு அப்பால் கொண்டுசெல்கிறது. ஆகாயத்தில் புதிதாகச் சுழற்சியை உண்டாக்க ஒருவராலும் ஆகாது. உறுப்புகளின் நிலையை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவே: தோள்கள் தாழ்ந்தால் இடுப்பு உயரும், கம்பியைக் கடந்த இடுப்பைத் தாழ்த்தினால் கால்கள் உயர்ந்து தப்பும்.

பள்ளி மைதானங்களில் பலரும் செய்யும் பிழை இதனால் விளங்கும். வளைவை முடிக்குமுன்பே கம்பியை நோக்கித் தோளைச் சாய்த்துவிடும் மாணவர் மேலே எழும்பாமல் கம்பியின் மீதே பாய்கிறார். பார்ப்பவர்களோ, முதுகு போதிய அளவு வளையவில்லை என்று குறைகூறி, மெத்தையோரம் நிறுத்தி முதுகை வளைக்கவே பழக்குகிறார்கள். பலனில் தோன்றிய குறைக்குப் பலனிலேயே மருந்து தேடும் வீண் பிரயத்தனம் அது.

1993 ஜூலையில் சலமன்காவில் ஹாவியர் சோட்டமயோர் தாண்டிய 2.45 மீட்டரை இன்றளவும் எவரும் வெல்லவில்லை. அவருடைய ஓட்டத்தின் வேகம் பெயர்பெற்றது. பயிற்சியாளர்கள் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டால் ஒரு வளைவு வரைந்து, வேகம் குறையாமல் சாய்ந்தோடி நிமிர்ந்தெழும்பச் சில மாதங்கள் பழக்குவார்களேயானால், முதுகு வளைவதற்கு வேண்டிய உயரமும் அவகாசமும் மாணவர்களுக்குத் தாமே கிட்டும்.