தோன்றா எழுவாய்

பாடசாலை வன்முறை பற்றி எமது நாளிதழ்கள் எழுதும் செய்திகளை இலக்கண வகுப்பிற் பயிற்சியாகக் கொடுத்தால், எழுவாய் பற்றி மாணவர் மிக நன்றாகக் கற்றுக்கொள்வர். மாணவன் ஆசிரியரைத் தாக்கினால் தலைப்பிலேயே எழுவாய் நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறது: 'ஆசிரியர்மீது மாணவன் தாக்குதல்.' ஆசிரியர் மாணவனைத் தாக்கினாலோ, 'மாணவன் வைத்தியசாலையில் அனுமதி' என்று வருகிறது. அடித்தவர் யார் என்பது மூன்றாம் பந்தியிலே, 'கூறப்படுகிறது' என்னும் சொல்லின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது. முதற் செய்தி வெளிவந்த வாரம் முழுவதும் சினிமா, கைத்தொலைபேசி, பெற்றோரின் பொறுப்பின்மை என்று தலையங்கங்கள் எழுகின்றன. இரண்டாவது செய்தி மறுநாளே பழையதாகிவிடுகிறது.

பத்திரிகையாளரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. அவர்கள் எழுதுவது, வாசிப்போர் கேட்க விரும்புவதையே. பாசிக்குடாவின் உல்லாச விடுதிகளுக்குப் பின்னாலுள்ள ஊர்களிலிருந்து எம்மிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் தந்தையர், "கண்ண மட்டும் விட்டுட்டு அடிங்க சேர்" என்று மனமாரச் சொல்லிச் செல்கின்றனர். அவர்கள் கொடியவர் அல்லர். கடலையும் கூலியையும் நம்பி வாழும் தமக்குக் கிட்டாத ஒன்று தம் பிள்ளைக்கு எவ்வழியிலேனும் கிட்டிவிடாதா என்ற ஏக்கமே அச்சொல்லில் உள்ளது. ஆனால் விலக்களிக்கப்பட்டது கண் மாத்திரமே. காது அப்பட்டியலில் இல்லை. 2017ஆம் ஆண்டு தென்மாகாணத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்ததால் பதினைந்து வயது மாணவனொருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. உடற்றண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. ஆயினும், அந்த அறை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் கூறியது 2021 பெப்ரவரியிலேதான். ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடு செலுத்தும்படி பணிக்கப்பட்டன. இதனோடு வேறொன்றை ஒப்புநோக்கலாம். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவரொருவர் பகிடிவதையால் உயிரிழந்தார், நாடு பதறியது, மறு ஆண்டே பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அது மிக வேண்டிய சட்டமே. எனினும் மாணவன் கைக்கு ஒரு சட்டமும் ஆசிரியன் கைக்கு ஒரு சுற்றறிக்கையும் எனப் பங்கிட்ட தராசு எவருடையது என்று நாம் கேட்கவேண்டியுள்ளது.

அடித்த கை ஆசிரியனுடையதாக அல்லாமல் அரசினுடையதாக இருந்துவிட்டால் எழுவாய் மட்டுமன்றி வாக்கியமே மறைந்துவிடும். 1995 செப்டெம்பர் 22ஆம் திகதி வடமராட்சி கிழக்கிலே நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது விமானப்படை குண்டு வீசியது. இருபது பேருக்குக் குறையாத மாணவர் மாண்டனர். அதற்கு முதல்நாள்தான் போர்ச் செய்திகள்மீது அரசாங்கம் தணிக்கை விதித்திருந்தது. ஆறு மாதங் கழிந்து, 1996 மார்ச் 13ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் நகரப் பாடசாலையிலே துப்பாக்கி ஏந்திய ஒருவன் பதினாறு குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் கொன்றான். உலகம் அழுதது; அழவேண்டியதுதான். அடுத்த ஆண்டே அந்நாட்டில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறத்தாழ முற்றாகத் தடுக்கப்பட்டது. கொன்றவன் தனியனாகவும் அந்நியனாகவும் இருந்தமையால் அவனைச் சுட்டுவது எவருக்கும் இடராக இருக்கவில்லை. நாகர்கோவிற் பிள்ளைகளைக் கொன்றவனுக்கோ சீருடையும் சம்பளமும் தணிக்கை அதிகாரியும் இருந்தனர்.

இதுவரை எழுதியதைப் படித்துத் தலையசைக்கும் வாசகர் இனி வருவதையும் பொறுத்துக்கொள்ளவேண்டும். 2004 ஏப்ரிலில் வெருகற் போரின் பின் கருணா அணி கலைந்தபோது பெருந்தொகையான சிறுவர் இம்மாவட்டத்து வீடுகளுக்குத் திரும்பினர். தொடர்ந்த மாதங்களில் அவர்களை மீண்டும் கொண்டுசெல்ல விடுதலைப் புலிகள் முற்பட்டனர். 2006இல் கருணா அணியினரும் சிறுவரைக் கடத்தினர். எமக்கு 2004இல் வயது பதினான்கு. எமது வகுப்பில் ஒரு வாங்கு பாதி வெறுமையாயிற்று; வரவு இடாப்பில் அப்பெயர்களுக்கு நேரே 'இடைவிலகல்' என்று எழுதப்பட்டது. ஊரிலே தாய்மார், "புள்ளயப் புடிச்சிட்டாங்க" என்றனர். படர்க்கைப் பலர்பால் வினைமுற்று, எழுவாய் தோன்றவில்லை. தோன்றவேண்டிய தேவையும் இல்லை, எல்லோரும் அறிந்திருந்தனர். அச்சிலும் அது தோன்றவில்லை. அதற்கு அச்சம் ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் அவ்வாண்டு மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரிலே சுட்டுக்கொல்லப்பட்டார். ஆனால் அச்சமில்லாத தூரத்தில், கடல்கடந்த நாடுகளில் இருந்து எழுதியவர்களிற் பலரும் நாகர்கோவிலுக்குக் கண்ணீர் வடித்துவிட்டு எமது வகுப்பு வாங்கைப்பற்றி வாய் திறக்கவில்லையே, அதற்கு எதைக் காரணங் கூறுவது?

2019 ஏப்ரில் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு மறைப்பாடசாலைப் பிள்ளைகள் பலர் மாண்டபின், பாடசாலைகள் மீண்டும் திறந்த நாளில் வாயிலில் நின்று புத்தகப் பைகளைத் திறந்து பார்த்தோம். சோற்றுப் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. பெற்றோர் முறைவைத்து வந்து எம்மோடு நின்றனர். வகுப்பறை மேசைமேற் கிடந்த பிரம்பை அன்று எவரும் சோதிக்கவில்லை.

அந்தப் பிரம்பு எம்முடையதாகவும் இருந்தது. பணியேற்ற இரண்டாம் ஆண்டு, வீட்டுவேலை செய்துவராத ஒரு சிறுவனின் புறங்கை வீங்குமளவுக்கு அடித்தோம். தந்தை வந்து எம்மிடமே மன்னிப்புக் கேட்டார். சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் அன்று நாம் எம் கைப்பட எழுதிய வாக்கியம் இன்னும் அங்கே இருக்கிறது: 'மாணவன் கண்டிக்கப்பட்டான்.' தமிழிற் பட்டம் பெற்ற எமக்கு அதில் யார் விடுபட்டிருக்கிறார் என்பது அன்றும் தெரிந்தே இருந்தது.