இழுபடுவது எது?

எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு எழுந்தால் தொடை மடிப்பு பிடித்துக்கொள்கிறது. முதல் நாலு அடி கூனித்தான் நடக்க வருகிறது. இதற்கு வீட்டிலேயே பலரும் செய்வது அரைமண்டி நீட்சி. ஒரு முழங்காலைத் தலையணைமேல் ஊன்றி, மறு காலை முன்னே வைத்து, உடலை முன்னுக்குச் சாய்ப்பார்கள். காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். முடித்து எழும்போதே நடை லேசாகிவிடும். இதன் முதல் பலம் அதுதான்.

பலவீனம் செய்யும் விதத்தில் இருக்கிறது. இடுப்பை மடக்கும் சோவாஸ் தசை கீழ்முதுகு எலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, இடுப்பெலும்பைத் தாண்டி, தொடை எலும்பின் உட்புறம் போய்ச் சேர்கிறது. முன்னே சாயும் வேகத்தில் முதுகு வளைந்தால் தசை இழுபடாமல் தப்பிக்கிறது; சுமை கீழ்முதுகுக்குப் போகிறது. ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, வால் எலும்பை உள்ளே சுருட்டிப் பாருங்கள். ஓர் அங்குலம்கூட முன்னே நகராமலே தொடையின் முன்பக்கம் இழுக்கும்.

அப்படியானால் தசை நீளுமா? 2010இல் வெப்லர், மேக்னசன் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, சில வாரப் பயிற்சியில் கூடுவது பெரும்பாலும் தசையின் நீளமல்ல, இழுப்பைத் தாங்கும் சகிப்பே என்கிறது. சகிப்பு கூடுவதும் லாபம்தான். ஆனால் பிட்டத் தசைக்கு வலுவூட்டாமல், நாற்காலியை விட்டு அவ்வப்போது எழாமல், நீட்சியை மட்டும் நம்பினால் மறுநாள் மாலை அதே கூன்தான்.

இறுக்கமாகத் தோன்றுவதெல்லாம் குறுகிய தசையும் அல்ல. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஹ்யூ ஓவன் தாமஸ் பெயரால் ஒரு சோதனை உண்டு. கட்டில் விளிம்பில் மல்லாந்து ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்தால், மற்றத் தொடை மேலே எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். எழும்பாமல் படுத்துக் கிடந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கலாம். காலை ஆழமாக மடக்கும்போது தொடை இடுக்கில் சுருக்கென்று கிள்ளினால், மூட்டெலும்பின் அமைப்பே காரணமாக இருக்கலாம். இழுக்க இழுக்க வலி கூடும். இப்படிக் கிள்ளும் வலி உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது.

மற்றவர்களுக்கு 10 முதல் 30 விநாடி, பக்கத்துக்கு மொத்தம் ஒரு நிமிடம், வாரத்துக்கு 2, 3 நாள் போதும். ஓட்டத்துக்குச் சற்று முன் நெடுநேரம் இழுத்துப் பிடிப்பது கால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். வீட்டில் திருத்த ஆளில்லை என்பதே இதன் பெரிய குறை. ஒரு கையைக் கீழ்முதுகில் வைத்துக்கொண்டு செய்தால் அது வளைவது உடனே தெரியும்.