அறுபது நிமிடத்துக்குள் ஓர் அரங்கு

1980களில் தமிழகத்தின் சிற்றூர்க் கடைத்தெருக்கள் வரை பரவியிருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டு வாங்க வருபவர், வேண்டிய பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்துப் பணம் கட்டி, சில நாள் கழித்து வந்து பெற்றுக்கொள்வார். இசைத்தட்டு சுழலச் சுழல அதே வேகத்தில்தான் நாடாவில் ஒலி பதியுமாதலால், ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. உரிமைச் சட்டத்தின் கண்ணில் இத்தொழில் பெரும்பாலும் குற்றமே என்றாலும், அதனுள் ஒரு கலை இருந்ததை மறுப்பதற்கில்லை.

அக்கலையின் உயிர்நிலை கணக்கில் இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டில், அறுபது எனக் குறிக்கப்பட்டது பக்கத்துக்கு முப்பது நிமிடமும், தொண்ணூறு எனக் குறிக்கப்பட்டது நாற்பத்தைந்து நிமிடமும் ஓடும். தொண்ணூறில் அதிகப் பாட்டு கிடைக்குமென்றாலும், அதே கூட்டுக்குள் அடங்க வேண்டி அதன் நாடா மெலிதாக்கப்பட்டிருந்ததால், சிக்கிக் கசங்கும் என்றஞ்சி விவரமறிந்தோர் அறுபதையே கேட்டனர். நான்கு, நாலரை நிமிடத் திரைப்பாடல்கள் ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோ கொள்ளும். ஏழாவது பாடல் சரணத்தில் அறுபடாதிருக்க, நீளமானதை முன்னும் குறுகியதைப் பின்னும் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நாடாவின் முனையில் ஒலி ஏற்காத சிறு துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது கடந்து செல்லும் சில நொடிகளுக்குக் காத்திராத அவசரக்காரரின் பதிவில் முதற்பாடலின் முகப்பிசை வெட்டுண்டு போகும். பதிவு முடிந்ததும் கூட்டின் முதுகிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிட்டால், அதன்மேல் தவறுதலாக வேறெதுவும் பதியாது.

இவ்வாறு பாட்டு வாங்கிய தலைமுறையின் வயதை நரையைவிட விரைவாகக் காட்டிக்கொடுப்பது அதன் செவிதான்: ஒரு பாடல் முடிந்தவுடன், படத்தாலும் இசையமைப்பாளராலும் தொடர்பற்ற இன்னொரு பாடலை, தன் பழைய பட்டியலில் அடுத்து வந்தது என்பதற்காகவே, அச்செவி எதிர்பார்க்கிறது. முடிவின்றி ஓடும் இன்றைய கைப்பேசிப் பட்டியல்களில் எதை விடுவது என்ற நெருக்கடி எழுவதில்லை. அந்நெருக்கடி இல்லாத இடத்தில் வரிசைக்கு அழகு கூடுவதும் அரிது. பக்க இறுதியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சினால், பட்டியலில் இல்லாத ஏதேனுமொரு சிறு பாடலைத் தம் விருப்பப்படி சேர்த்துத் தரும் கடைக்காரர்களும் இருந்தனர். கேட்டு வாங்கிய பன்னிரண்டைவிடக் கேளாமல் வந்த அந்த ஒன்றே பலருக்குப் பிடித்தமானதாகிப் போனதும் உண்டு.